கயலுக்கு நான் வைத்த பூ

1

போல்டனில் எங்கள் வீட்டுக்கு எதிர்த்த பஸ் நிறுத்தத்தில் போன வாரம் ஒரு விளம்பரப் பலகை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ‘ஓபன் டே’யாம். நம் ஊரில் இருப்பவர்களுக்கு இது என்னவென்று சொல்லிவிடுகிறேன். சேர நினைக்கிற பிள்ளைகளுக்காக ஒரு சனிக்கிழமை கதவைத் திறந்துவைத்து வகுப்பறை, ஸ்டுடியோ, ஹாஸ்டல், சாப்பாட்டுக்கூடம் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டுவார்கள். அப்பா, அம்மா, பிள்ளை என்று குடும்பம் குடும்பமாக வருவார்கள். கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கப் போகிற மாதிரிதான் இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படி ஒன்றுக்கு நான் தனியாகப் போனேன். வாசலில் மஞ்சள் பனியன் போட்டு நின்ற மாணவன், “சேரப் போவது நீங்களா?” என்று மரியாதையாகக் கேட்டான். கிண்டல் இல்லை. இங்கே ஐம்பது வயதில் கல்லூரிக்குப் போகிறவர்கள் உண்டு. நான் கையிலிருந்த போனைத் திருப்பிக் காட்டினேன். “இந்தப் பிள்ளை. ராஜபாளையத்தில் இருக்கிறாள்.” போனுக்குள் என் தம்பி மகள் கயல்விழி, பள்ளிக்கூடச் சீருடையோடு மொட்டைமாடியில் நின்றுகொண்டு, “குட் மார்னிங் அண்ணா” என்றாள். அவள் பக்கம் மத்தியானம் தாண்டியிருந்தது. பின்னால் சஞ்சீவி மலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

அன்று முழுக்க அவளைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தேன். “அத்த, செத்த கீழ இறக்குங்க, மேசை தெரியல.” “அத்த, வெரல எடுங்க, பாதி ஸ்டுடியோ மறையுது.” ஊடகத் துறையில் ஒரு பேராசிரியை பாடத்திட்டத்தை விளக்கிவிட்டு, கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். பிள்ளைகள் எல்லாம் தங்கள் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெற்றோர்தான் கேட்டார்கள்: வேலை கிடைக்குமா, ஹாஸ்டலில் வாஷிங் மெஷின் உண்டா. அப்போது என் கையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. பள்ளிக்கூட இங்கிலீஷ்தான், தடுமாற்றம் இல்லை. “மேடம், முதல் வருடம் நாங்கள் வெளியே போய் யாரையாவது பேட்டி எடுப்போமா, இல்லை வகுப்பில் உட்கார்ந்து பேட்டி எடுப்பதைப் பற்றிப் படிப்போமா?”

அறையே என் பக்கம் திரும்பியது. அந்த அம்மாள் சிரித்துவிட்டு, முதல் வருடம் படிப்புத்தான், வெளியே போவது இரண்டாம் வருடத்திலிருந்து என்று ஒப்புக்கொண்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணியிடம், அவர் கேட்காமலேயே, “என் தம்பி மகள்” என்று சொன்னேன்.

2

நான் ராஜபாளையத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்தேன். மில் ஊரிலிருந்து மில் ஊருக்கு வாக்கப்பட்டவள் என்று என்னை நானே கேலி செய்துகொள்வதுண்டு. இங்கே பஞ்சாலைகள் எல்லாம் என்றோ மூடி, அதே கட்டடத்தில் கார்ப்பெட் கடையும் உடற்பயிற்சிக் கூடமும் நடக்கின்றன. ஒரு டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசை என் வேலை. காலையில் போனை எடுத்தால் மத்தியானம் வரை, “கொஞ்சம் காத்திருங்கள்” என்பதை எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். வீட்டுக்காரர் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர்.

ஒரே மகன் கார்த்தி. வேலை கிடைத்து கிளாஸ்கோ போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். “சாப்பிட்டியாடா?” என்பேன். “யெஸ் மா” என்பான். “என்ன சாப்பிட்ட?” என்றால், “ஃபுட்” என்பான். அவ்வளவுதான் எங்கள் உரையாடல். நல்ல பிள்ளை, ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் மாடியில் அவன் அறை சும்மா கிடந்தது. கயலை இங்கே படிக்க வரவழைத்துவிட வேண்டும் என்று நான் துடித்ததில் பாதி அவள் படிப்புக்காக, மீதி அந்த அறைக்காக. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

தம்பி சுந்தரம் ஊரில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் வைத்திருக்கிறான். அவன் மனைவி கோதை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, வாயில்லாப் பூச்சி. அவர்களுக்குக் கயல் ஒரே மகள். பத்தாம் வகுப்பிலிருந்தே போனில் வீடியோ எடுத்துக் கொண்டிருந்தாள். பிறந்தநாள் கேக் வீடியோ இல்லை. ஆட்களைப் பேச வைத்து எடுப்பாள்.

அதில் ஒன்று எனக்கு உயிர். வ. புதுப்பட்டியில் ஒரு விவசாயி. பிளவக்கல் அணைப் பக்கத்து மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கி, போட்ட கடலையெல்லாம் தோண்டித் தின்றுவிடுகிறது என்று அவர் கண்டபடி ஏசுகிறார். இந்தப் பிள்ளை குறுக்கே பேசாமல் அவரை ஏச விடுகிறாள். அவர் ஓய்ந்த பிறகு, “நீங்க எப்பண்ணே தூங்குவீய?” என்று ஒரே ஒரு கேள்வி. மனிதர் கோபத்தை மறந்து, தானும் மனைவியும் தகர டப்பாவோடு மாறி மாறிக் காவல் இருப்பதையும், அவள் அசந்து தூங்கிவிட்டால் எழுப்ப மனசு வராமல் தானே உட்கார்ந்திருப்பதையும் சொல்கிறார். அப்போது அவர் மனைவி ஓரத்திலிருந்து தலையை நீட்டி, “பொய்யி! அவியதான் மொதல்ல கொறட்ட விடுவாக” என்கிறார். நான் கிளினிக்கில் டீ குடிக்கும்போது இதைப் பார்த்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்திருக்கிறேன். பேச எல்லோருக்கும் தெரியும். இப்படி வாயை மூடிக்கொண்டு கேட்க எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த வயதில் எனக்குத் தெரியாது. இந்த வயதிலும் தெரியாது.

சுந்தரத்துக்கு அது விளங்கவில்லை. “மைக்கத் தூக்கிட்டுத் தெருத்தெருவா அலையுததுக்கு ஒரு டிகிரியாக்கா? இங்கனயே காலேசு இருக்கு. பி.காம் படிக்கட்டும். பொறவு கல்யாணம்” என்பான். கயல் பதில் பேச மாட்டாள். எனக்கு வாட்ஸப்பில் ஒரு பெருமூச்சு பொம்மை அனுப்புவாள்.

3

இங்கே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க நாட்டுக்கே ஒரே இணையதளம். ஐந்து இடம் தேர்ந்தெடுக்கலாம். மதிப்பெண், ஆசிரியர் பரிந்துரை எல்லாம் போக, உன்னைப் பற்றி நீயே எழுது என்று ஒரு பகுதி உண்டு. நமக்கு வராத காரியம் அது. கயல் அனுப்பிய முதல் வரைவு, ‘நான் மரியாதையான குடும்பத்தில் பிறந்த கடின உழைப்பாளியான பெண்’ என்று தொடங்கியது. கோதை பக்கத்திலிருந்து, “அமைதியான பிள்ளைன்னு போடு” என்றாளாம். சுந்தரம் தன் பங்குக்குக் கோலப் போட்டியில் வாங்கிய ஆறுதல் பரிசைச் சேர்த்தான். ‘வேண்டாம்’ என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பான், அது அவன் சுபாவம்.

“ஏட்டி, படிக்கவா விண்ணப்பிக்க? பொண்ணு பாக்க வாறவுகளுக்குக் குடுக்கத மாதிரியில்ல இருக்கு” என்று நான் சிரித்தேன். அவளுக்கு ரோசம் வந்துவிட்டது. அத்தனையையும் அழித்துவிட்டு, ஓரத்திலிருந்து தலை நீட்டிய அந்தப் புதுப்பட்டி அம்மாவைப் பற்றி எழுதினாள். ‘நான் பேட்டி எடுக்க நினைக்காத ஆளுக்கும் சொல்ல ஒன்று இருந்தது, அடுத்த முறை இரண்டு பேரையும் உட்கார வைப்பேன்’ என்று முடித்திருந்தாள். அதில் நான் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடவில்லை.

பிறகு பல்கலைக்கழகங்களோடு கடிதப் போக்குவரத்து. இவள், ‘பெருமதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மையீர்’ என்று தொடங்கி, வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து அனுப்புவாள். அவர்களிடமிருந்து, ‘ஹாய்’ என்று இரண்டு வரி வரும். “அத்த, ஹாய்னு போட்டுருக்காக. எம்மேல கோவமோ?” என்று பதறுவாள். இங்கே அதுதான் அன்பு என்று அவளைத் தேற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பேர் விஷயம் இன்னொரு கூத்து. நமக்கு இனிஷியல் போதும். அவர்களுக்குக் குடும்பப் பேர் வேண்டும். பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பேர் இருந்தது. ஆகவே இடம் கிடைத்த செய்தி, ‘அன்புள்ள சுந்தரம், வாழ்த்துகள்!’ என்று வந்தது. தம்பி எனக்குப் போன் போட்டுச் சிரியோ சிரி என்று சிரித்தான். “ஏக்கா, எனக்கில்ல சீட் குடுத்துருக்காக! நான் அங்க வந்துட்டா தறிய யாரு பாப்பா?” சிரித்து முடித்ததும், “விளையாட்டெல்லாம் சரி. அனுப்ப மாட்டேன், ஆமா” என்று வைத்துவிட்டான்.

இரண்டு இடத்தில் கிடைத்திருந்தது. ஒன்று, நான் போனோடு போய்ப் பார்த்தது. பெரிய பெயர், கண்ணாடிக் கட்டடம், எங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ். இன்னொன்று வடகிழக்கே கடலோர ஊரில் இருந்தது, இங்கிருந்து ரயிலில் மூன்று மணி நேரம். முதல் வருடமே வெளியே போய்ப் பேட்டி எடுப்போமா என்ற அதே கேள்வியைக் கயல் அந்தக் கல்லூரி ஆசிரியைக்கும் எழுதிப் போட்டிருக்கிறாள். அவர், “முதல் வாரமே மீன் ஏலத்துக்கு மைக்கோடு அனுப்பிவிடுவேன். திட்டு வாங்கத் தயாராக வா” என்று பதில் எழுதினார்.

“அத்த, இந்த மீன் டீச்சர்கிட்டதான் படிக்கணும்” என்றாள் கயல். நான் உடனே, கடல்காற்று ஒத்துக்கொள்ளாது, அந்த ஊரில் நம் சாப்பாடு கிடைக்காது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். மாடி அறைக்குப் புதுத் திரைச்சீலை வாங்கி மாட்டியிருந்தேன். அவள் மேற்கொண்டு பேசவில்லை. பக்கத்துக் கல்லூரிக்கே அப்பா சம்மதிக்கவில்லை, தூரத்துக் கல்லூரிக்கு எங்கே?

4

போன வருடம் மே மாதம் லீவு போட்டு ஊருக்குப் போனேன். தம்பியை நேரில் மடக்கிவிடலாம் என்ற நம்பிக்கை. பணத்துக்கு அவனும் நானும் சேர்ந்து வழி பார்த்துவிடலாம். மனசுக்குத்தான் வழி தெரியவில்லை. வெயிலில் மாம்பழம் தின்று, தினம் ஒரு முறை பேச்சை எடுத்து, தினம் ஒரு முறை தோற்றேன்.

அப்போது பிளஸ் டூ முடிவு வந்தது. அந்தப் பல்கலைக்கழகங்கள் கேட்டதற்கு மேலேயே கயல் வாங்கியிருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைத்தெருவுக்குப் போய் நாலு முழம் மல்லிகை, பழம், பாக்கு, வெற்றிலை, தேங்காய் எல்லாம் வாங்கினேன். ஒரு பட்டுப் பாவாடை தாவணியும் எடுத்தேன். வெறுங்கையோடு பாராட்டினால் நன்றாகவா இருக்கும்? அன்றைக்குக் கோதையின் அண்ணனும் அவர் மனைவி பேச்சியம்மாளும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா பெட்டியோடு வந்திருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்களும் இருந்தார்கள்.

நான் எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் வைத்து, கயலைக் கிழக்குப் பார்த்து உட்கார வைத்து, குங்குமம் வைத்து, என் கையாலேயே அவள் தலையில் பூவை வைத்தேன். கூடத்தில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த ஊரில் படிப்புக்கு இத்தனை மதிப்பா என்று எனக்கு நெஞ்சு விம்மியது.

மறுநாள் காலையில் சுந்தரம் தானாக வந்தான். “என்னென்ன கையெழுத்துப் போடணும்? எடுத்துட்டு வாக்கா” என்றான். எனக்கு நம்ப முடியவில்லை. “அனுப்பறியாடா?” என்றேன். “இனிமே என்னக்கா, அவ உன் வீட்டுப் பிள்ளை. நீ படிக்க வச்சா படிக்கட்டும்.” என் பேச்சுத்திறமைதான் கல்லைக் கரைத்துவிட்டது என்று அன்று முழுக்க மிதப்பாகத் திரிந்தேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, “பாத்தீங்களா?” என்று ஜம்பம் வேறு அடித்தேன்.

5

நாலைந்து நாள் கழித்துப் பேச்சியம்மாள் விருந்துக்கு அழைத்தாள் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் இரண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். பிராகாரத்தில் மெதுவாக நடந்து வரும்போது அவள் கேட்டாள்.

“மதினி, மாப்பிள்ளைக்கு என்ன நட்சத்திரம்?”

“எந்த மாப்பிள்ளைக்கு?”

“நல்லாக் கேட்டீக போங்க. உங்க கார்த்திக்குத்தான். எங்க பையனுக்குக் கயலக் கேக்கலாம்னுதான் நாங்க இருந்தோம். ஆனா அத்தைக்குத்தான மொத உரிமை. நீங்க பூ வச்ச பொறவு நாங்க என்ன பேச? எங்களுக்கும் சந்தோசந்தான்.”

அடப்பாவி மகளே என்று என்னை நானே ஏசிக்கொண்டேன். மகன் வைத்திருக்கிற அத்தை, தாம்பாளம் தூக்கிக்கொண்டு வந்து, சுமங்கலிகள் சுற்றி நிற்க, தம்பி மகள் தலையில் பூ வைத்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெண்ணைப் பேசி முடித்தாயிற்று. அதற்குப் பெயரே பூ வைக்கிறது. என் தலையில் என் மாமியார் வைத்ததும் அதே மாதிரித் தாம்பாளம்தான். எத்தனையோ வருடம் பிள்ளைகளுக்குக் கேக்கும் பலூனும் கொடுத்தே பழகி, அது எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

கோயில் வாசலிலேயே நின்று கார்த்திக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் நான் கூப்பிட்டதில் பயந்துபோய் எடுத்தான். விஷயத்தைச் சொன்னேன். “அம்மா! ஷி இஸ் மை கசின்!” என்று அலறினான். “இங்க அதுதாண்டா தகுதி” என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அடுத்து வீட்டுக்காரருக்கு. அவர் நிதானமானவர். “இப்ப வாயத் தொறக்காத. பிள்ளை பிளைட் ஏறி இங்க வந்து சேரட்டும். ஒரு வருசம் படிச்ச பொறவு பக்குவமாச் சொல்லிக்கலாம்” என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. உண்மையைச் சொன்னால் சுந்தரம் கையெழுத்தைத் திரும்ப வாங்கிவிடுவான். பெண்ணின் படிப்பு அந்த நாலு முழம் மல்லிகையில் தொங்கிக்கொண்டிருந்தது.

6

கயலிடம் மட்டும் சொன்னேன். மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்துவிடும், அழுவாள் என்று நினைத்தேன். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தப் பன்றிக் காவல்காரரிடம் பேசிய அதே குரலில் விசாரிக்க ஆரம்பித்தாள். யார் யாருக்குத் தெரியும்? அப்பா தன் வாயால் கல்யாணம் என்று சொன்னாரா? மாமா ஊரில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்? எனக்கே அப்போதுதான் முழுக் கதையும் விளங்கியது.

“கார்த்தியப்பா, செத்த நாள் பொறுத்துச் சொல்லலாம்காரு. நீ வந்து சேந்துரு மொதல்ல” என்றேன்.

“வேண்டாத்த.”

“சொன்னா அனுப்ப மாட்டாண்டி உங்கப்பன்! பி.காம்தான் பொறவு.”

“தெரியும். ஆனா அப்பாவ ஏமாத்திட்டுப் போயா நான் செய்தி எழுதப் படிக்கணும்?” குரல் கொஞ்சம் உடைந்தது. “கல்யாணம்னு நெனச்சு அனுப்புதாரு. படிப்புக்குன்னு அனுப்பல. அது எனக்கு வேண்டாம்.”

பதினேழு வயது. எனக்கு அந்த வயதில் அப்பா முகத்தைப் பார்த்து, உப்புக் குறைகிறது என்று சொல்லக்கூடத் தைரியம் கிடையாது. அன்றைக்குப் போல அவளை நான் எப்போதும் மெச்சியதில்லை. பயமும் அப்படிப் பட்டதில்லை.

அவள் நேரே கீழே இறங்கிப் போனாள். சுந்தரம் தறிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்து, சட்டையிலிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தான். நான் பின்னால் ஓடினேன்.

“அப்பா, அத்த வச்சது கல்யாணப் பூ இல்ல. பாசானதுக்கு வச்ச பூ. அத்தைக்கு அது தோணல. நீங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டீக. கார்த்தி அத்தானுக்கும் அப்படி நெனப்பு இல்ல, எனக்கும் இல்ல.”

சுந்தரம் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். “நெசமாக்கா?”

“நெசந்தாண்டா.”

“தாம்பாளம், தேங்கா, வெத்தல, பட்டு. கெழக்கப் பாத்து உக்கார வேற வச்சே. நீ இந்த ஊர்லதான பொறந்த?” அவன் குரல் உயர உயரக் கோதை அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டாள். “ஊரெல்லாம் சொல்லியாச்சு. இப்ப எம்பிள்ளை உனக்கு வேண்டாம், அப்படித்தான?”

“அப்படி இல்லடா…”

“பேசாத. இனி அவ உன் வீட்டுப் படி மிதிக்க மாட்டா. உன் வீட்டுல இருந்து ஒரு காலேசுக்கும் போவ மாட்டா. முடிஞ்சது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாடி அறை, திரைச்சீலை எல்லாம் கண் முன்னால் போனது. கயல் மட்டும் நின்ற இடத்தில் நின்றாள்.

“சரிப்பா. அத்த வீட்டுக்குப் போகல. அந்தக் காலேசு நான் கேட்டதும் இல்ல. இன்னொண்ணு கெடச்சிருக்கு. அதுதான் நல்ல படிப்பு, அத அத்தகிட்ட சொன்னேன், அவிய வேண்டாம்னுட்டாக. அங்க ஹாஸ்டல் இருக்கு. அத்த வீட்டுக்கும் அதுக்கும் ரயில்ல மூணு மணி நேரம்.”

அடுப்படி வாசலிலிருந்து கோதை, அந்த வீட்டில் நான் ஒரு நாளும் கேட்டிராத குரலில், “அவ சரியாத்தான சொல்லுதா?” என்றாள். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் வீட்டு அறையை என் கண் முன்னாலேயே காலி செய்துவிட்டாள், அதுவும் ஒரு பொய் பேசாமல்.

மறுநாள் கயல் தனியாகப் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், மாமாவிடமும் பேச்சியம்மாளிடமும் தானே சொல்லிவிட்டு வந்தாள். அப்பா வாயால் சொல்ல வைத்து அவரைக் கூனிக்குறுக விடக்கூடாதாம். மாமா அன்று இரவே சுந்தரத்துக்குப் போன் போட்டு, “மாப்ள, பிள்ள எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டுப் போறா. கோவப்பட முடியல” என்றாராம். சுந்தரம் என்னிடம் பேசவில்லை. நான் விமானம் ஏறும்போதும் பேசவில்லை, வாசல் வரை வரவும் இல்லை. ஜூன் மாதத்தில் ஒரு நாள், அந்தக் கடலோரக் கல்லூரித் தாள்களில் கையெழுத்துப் போட்டு டி.வி. மேல் வைத்துவிட்டுத் தறிக்கூடத்துக்குப் போய்விட்டான் என்று கோதை சொன்னாள்.

7

கயல் இப்போது அந்தக் கடலோர ஊரில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். மீன் ஏலத்தில் முதல் வாரமே திட்டு வாங்கினாள். மாணவர்கள் நடத்தும் ரேடியோவில் அவள் பேசுவதை நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே கேட்பேன். லீவுக்கு என் வீட்டுக்கு வந்தால் மூட்டையாகத் துணி கொண்டுவந்து துவைத்துக்கொண்டு போவாள். கார்த்தியும் அப்போது ரயிலேறி வந்துவிடுவான். ‘கல்யாணப் பொண்ணே’ என்று அவளைச் சீண்டுவதற்காகவே அந்த இரண்டு சொல்லையும் தமிழில் கற்று வைத்திருக்கிறான்.

ஆனால் நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தது, அவள் கிளம்புவதற்கு முன்னால் ஆடிப்பூரத்தன்று நடந்ததைச் சொல்லத்தான்.

விசா வந்துவிட்டிருந்தது. சுந்தரம் பயணத்தைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசுவதில்லை, பெட்டி வாங்கவும் கூடப் போகவில்லை என்று கோதை சொல்லியிருந்தாள். தேர் பார்க்கக் குடும்பத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தார்கள். அங்கிருந்து கோதை எனக்கு வீடியோவில் தேரைக் காட்டினாள். நான் கிளினிக்கின் பின்பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே இரைச்சல், மேளம், வியர்த்த முகங்கள். கோதை போனைப் பிடித்த பிடியில் தேர் கொஞ்சமும் சுந்தரத்தின் தோள் நிறையவும் தெரிந்தது. என்னோடு பேசுகிறாள் என்று அவனுக்குத் தெரியும். திரும்பவில்லை.

அந்த நெரிசலில் உறவுக்காரர் ஒருவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பெரிய மனுசன், நாலு பேருக்குக் கேட்கிற குரல். “என்ன சுந்தரம், மக வெளிநாடு போறாளாமே. அக்கா மகனுக்குத்தான குடுக்க? பூ வச்சாச்சுன்னு சொன்னாக.”

நான் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும், அந்த நிமிடத்தில் அவன் மானம் தப்பிவிடும். கயல் அப்பாவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் முகம் வெளிறியதைப் பார்த்தேன்.

சுந்தரம் கையை விடுவித்துக்கொண்டான்.

“கல்யாணத்துக்கு இல்லண்ணே. படிக்கப் போறா. மீடியா படிக்கா. மைக்கப் பிடிச்சு நாலு பேர்கிட்டக் கேள்வி கேக்கத படிப்பு. எம்மக நல்லாக் கேப்பா.”

“அப்ப கல்யாணம்?”

“படிக்கப் போறாண்ணே. அம்புட்டுதான்.”

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டு கூட்டத்தில் போய்விட்டார். கயல் அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுந்தரம் அவள் பக்கம் திரும்பவில்லை. கோதையின் கையிலிருந்து போனைப் பிடுங்கி முகத்துக்கு நேரே வைத்தான். மே மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவன் முகத்தை நேராகப் பார்க்கிறேன். கண் கலங்கியிருந்தது.

“ஏக்கா,” என்றான், “அந்த ஊர்ல குளிரு ரொம்பவா?”